கல்விக் கடன் தள்ளுபடியைக் கவிழ்த்த சிகரெட் வழக்கு

2022 ஆகஸ்ட் 24 அன்று அமெரிக்க அதிபர் ஜோ பைடன் ஒரு தள்ளுபடியை அறிவித்தார். மத்திய அரசிடம் கல்விக் கடன் வாங்கியவர்களில் தனிநபர் ஆண்டு வருமானம் 1,25,000 டாலருக்குக் கீழே இருப்பவர்களுக்கு 10,000 டாலர் வரை கழிவு. ஏழை மாணவர்களுக்கான பெல் உதவித்தொகை பெற்றுப் படித்தவர்களாக இருந்தால் 20,000 டாலர் வரை. படிவம் இணையத்தில் வந்த சில வாரங்களிலேயே, விண்ணப்பித்தவர்களும் ஏற்கெனவே விவரம் தந்திருந்தவர்களுமாகச் சுமார் 2.6 கோடிப் பேர் வரிசையில் நின்றார்கள். அதில் 1.6 கோடிப் பேருக்கு ஒப்புதலும் ஆகிவிட்டது.

அந்தத் திட்டத்தில் ஒரு டாலர்கூடத் தள்ளுபடி ஆகவில்லை.

பயிர்க்கடன், நகைக்கடன் தள்ளுபடிகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும். அதிபரே அறிவித்து, விண்ணப்பமும் வாங்கி, ஒப்புதலும் கொடுத்த பிறகு யார் குறுக்கே வந்தது? உச்ச நீதிமன்றம். 2023 ஜூன் 30 அன்று ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் திட்டத்தைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. அதற்கு அது கையில் எடுத்த வாதத்தின் வேரைத் தேடிப் போனால் 2000-ஆம் ஆண்டின் ஒரு சிகரெட் வழக்கில் போய் நிற்போம். கல்விக் கடனும் சிகரெட்டும் ஒரே கட்டுரையில் சேர்வதற்கு அதுதான் காரணம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அமெரிக்காவில் ஓர் அரசுக் கொள்கை எங்கே பிறக்கிறது, எங்கே அடிபடுகிறது என்பது தனித்தனியாகப் பார்ப்பதைவிடத் தெளிவாகப் புரியும்.

சட்டம், விதி, அறிவிப்பு

'அமெரிக்க அரசின் புதிய கொள்கை' என்று செய்தியில் ஒரே சொல்லாக வருவது உண்மையில் மூன்று வேறு சரக்கு.

முதலாவது, சட்டம். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் இரு அவைகளும் நிறைவேற்றி, அதிபர் கையெழுத்திட்டது. கொண்டுவருவது கடினம், எடுப்பதும் கடினம்.

இரண்டாவது, விதி. சட்டம் பெரும்பாலும் எலும்புக்கூடாகத்தான் இருக்கும். விவரங்களைச் சம்பந்தப்பட்ட துறை எழுத வேண்டும். கடனுக்குக் கல்வித் துறை. புகையிலைக்கு எஃப்டிஏ எனப்படும் உணவு மருந்து நிர்வாகம். துறை நினைத்த மாத்திரத்தில் எழுதிவிட முடியாது. வரைவை அரசிதழில் வெளியிட்டு, பொதுமக்கள் கருத்தைக் கேட்டு, வந்த முக்கியமான ஆட்சேபங்களுக்கெல்லாம் எழுத்தில் பதில் சொல்லி, வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகத்தில் சரிபார்ப்புக்கு அனுப்பி, அதற்குப் பிறகுதான் இறுதி விதி. இதற்கே வருடக்கணக்கில் ஆகும். விதி வெளிவந்த மறுநாளே யாராவது வழக்குப் போடுவார்கள்.

மூன்றாவது, இந்த இரண்டிலும் சேராதது. பழைய சட்டம் ஒன்றைப் புதிதாக வாசித்து 'இதன்படி எங்களுக்கு இந்த அதிகாரம் இருக்கிறது' என்று அறிவிப்பது, ஒரு விதியை அமல்படுத்தாமல் தள்ளிப்போடுவது, வசூலை நிறுத்திவைப்பது, ஊழியர்களைக் குறைப்பது எல்லாம் இந்த வகை. வேகமாக நடக்கும். அடுத்த அதிபர் வந்த அன்றே மாற்றியும் விடலாம்.

பைடனின் தள்ளுபடி மூன்றாவது வகை. அதைச் சாய்த்த சிகரெட் வழக்கில் சிக்கியதும் அதே போன்ற ஒரு புது வாசிப்புதான், விதி வடிவத்தில் வந்தது என்பது ஒன்றே வித்தியாசம்.

சிகரெட் ஒரு மருந்தா?

புகைபிடித்தல் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று அமெரிக்கத் தலைமைப் பொது மருத்துவர் லூதர் டெர்ரியின் அறிக்கை சொன்னது 1964 ஜனவரியில். அடுத்த ஆண்டே பெட்டியில் எச்சரிக்கை வாசகம் போட காங்கிரஸ் சட்டம் இயற்றியது. 1971 தொடக்கத்தில் தொலைக்காட்சி, வானொலி சிகரெட் விளம்பரங்கள் நின்றன. ஆனால் சாக்லேட்டிலிருந்து இதய வால்வு வரை அத்தனையையும் சோதிக்கும் எஃப்டிஏ மட்டும் சிகரெட் பக்கம் வரவில்லை. அது தன் அதிகாரத்துக்குள் வராது என்று அதுவே பல பத்தாண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தது.

1990-களில் எஃப்டிஏ தலைவராக இருந்த டேவிட் கெஸ்லர் இதை மாற்றப் பார்த்தார். எஃப்டிஏ-வுக்கு அதிகாரம் தரும் 1938-ஆம் ஆண்டுச் சட்டம், உடலின் அமைப்பையோ செயல்பாட்டையோ மாற்றும் நோக்கத்தோடு செய்யப்படும் பொருள் மருந்து என்கிறது. நிகோட்டின் மூளையைப் பிடித்து ஆட்டுகிறது. கம்பெனிகளுக்கு அது தெரியும். தெரிந்தே அளவை வைக்கிறார்கள் என்பதற்கு அவர்களுடைய உள் ஆவணங்களே சாட்சி. அப்படியானால் நிகோட்டின் மருந்து, சிகரெட் அந்த மருந்தை உடலுக்குள் செலுத்தும் கருவி. வாதம் இவ்வளவுதான். இத்தனைக்கும், 1994 ஏப்ரலில் ஏழு பெரிய புகையிலைக் கம்பெனிகளின் தலைவர்கள் நாடாளுமன்றக் குழு முன்னால் கையைத் தூக்கிச் சத்தியம் செய்துவிட்டு, நிகோட்டினுக்கு அடிமையாக்கும் தன்மை இல்லை என்று தாங்கள் நம்புவதாக ஒருவர் பின் ஒருவராகச் சொல்லியிருந்தார்கள்.

1996 ஆகஸ்டில் விதி வந்தது. 18 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது, 27 வயதுக்குள் இருப்பவர் வாங்கினால் அடையாள அட்டை பார்க்க வேண்டும், பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் விளம்பரப் பலகை கூடாது, சிகரெட் பெயர் போட்ட டி-ஷர்ட், தொப்பி கொடுக்கக் கூடாது. இன்று படித்தால் இதிலெல்லாம் சண்டை போட என்ன இருக்கிறது என்று தோன்றும். பிரௌன் அண்ட் வில்லியம்சன் என்ற கம்பெனி உள்ளிட்டவர்கள் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2000 மார்ச் 21-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஜெயித்தார்கள்.

தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர். புகையிலைதான் நாட்டின் பொதுச் சுகாதாரத்துக்கு ஆகப் பெரிய அச்சுறுத்தலாக இருக்கக்கூடும் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் அதிகாரம் இல்லை என்கிறார். மருந்து என்று எடுத்துக்கொண்டால் அது பாதுகாப்பானதாக இருக்க வேண்டும். சிகரெட்டைப் பாதுகாப்பானதாக ஆக்கவே முடியாது. எனவே சட்டப்படி அதை முழுதாகத் தடை செய்தாக வேண்டும். ஆனால் 1965 முதல் காங்கிரஸ் புகையிலை பற்றித் தனித்தனியாகப் பல சட்டங்கள் போட்டிருக்கிறது, எதிலும் தடை செய்யவில்லை. ஆக, அது எஃப்டிஏ-விடம் இந்த அதிகாரத்தைக் கொடுக்க நினைத்ததாகச் சொல்ல முடியாது. இதோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் சிகரெட் தீர்ப்பாகவே இருந்திருக்கும். அடுத்து ஒரு கருத்தைச் சேர்த்தார்: இவ்வளவு பொருளாதார, அரசியல் முக்கியத்துவம் உள்ள ஒரு முடிவை இப்படிப் பூடகமாக ஒரு துறையின் கையில் காங்கிரஸ் ஒப்படைத்திருக்கும் என்று நம்ப முடியாது.

இந்த ஒரு வாக்கியம் பின்னாளில் வளர்ந்து 'பெருங்கேள்விக் கோட்பாடு' ஆனது. கேள்வி பெரிதாக இருந்தால், காங்கிரஸ் வெளிப்படையாக, பச்சையாகச் சொல்லியிருக்க வேண்டும். பழைய சட்டத்தின் பொதுவான சொல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு துறை கிளம்பக் கூடாது. 2022-இல் மின் நிலையங்களின் கரி உமிழ்வு பற்றிய வழக்கில் இந்தக் கோட்பாட்டுக்கு உச்ச நீதிமன்றம் பெயர் சூட்டியே பயன்படுத்தியது. அடுத்த ஆண்டு அது கல்விக் கடன் மேல் விழுந்தது.

வீரர்களுக்காக எழுதிய சட்டம்

அமெரிக்காவில் கல்விக் கடனில் பெரும்பகுதியை நேரடியாக மத்திய அரசே கொடுக்கிறது. சுமார் 4.3 கோடிப் பேர், சுமார் 1.6 லட்சம் கோடி டாலர். இங்கிருந்து மாணவர் விசாவில் போகும் பிள்ளைகளுக்கு இந்தக் கடன் கிடையாது. குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் போன்ற சிலருக்கும்தான். அங்கேயே பிறந்து வளரும் தமிழ்ப் பிள்ளைகளின் வீடுகளுக்கு இது சொந்தப் பிரச்சினை. இந்திய வங்கியில் கடன் வாங்கிப் போனவர்களுக்கு வாட்ஸ்அப்பில் 'அமெரிக்கா கல்விக் கடனை ரத்து செய்கிறது' என்று வரும் செய்தியால் ஒரு பைசா பயனில்லை.

செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, ஈராக் போர் ஆரம்பித்த 2003-இல், 'ஹீரோஸ்' சட்டம் என்று ஒன்று வந்தது. போர், தேசிய நெருக்கடி போன்ற காலங்களில் கடன் வாங்கியவர்கள் பணரீதியாக மோசமான நிலைக்குத் தள்ளப்படாமல் இருக்க, கல்வி அமைச்சர் கடன் விதிமுறைகளை 'விலக்கலாம் அல்லது மாற்றியமைக்கலாம்' என்றது. போர்முனையில் இருக்கும் வீரருக்குத் தவணை தவறினால் அபராதம் போடாதீர்கள் என்கிற அளவில்தான் அப்போது யோசித்தார்கள்.

2020 மார்ச்சில் கொரோனா வந்தது. டிரம்ப் ஆட்சியில் தவணை நிறுத்தம், வட்டி பூஜ்யம். முதலில் கல்வித் துறை தானாகச் செய்தது, உடனே காங்கிரஸும் சட்டமாக்கியது. அந்தச் சட்டத்தின் கெடு முடிந்ததும் டிரம்பும் பிறகு பைடனும் நீட்டிக்கொண்டே போனார்கள். மூன்றரை ஆண்டு ஓடியது. அந்த நீட்டிப்புகளுக்குக் கைகொடுத்தது இதே 2003 சட்டம். அப்போது பெரிய எதிர்ப்பு எழவில்லை. அதே சட்டத்தை வைத்து அசலிலேயே கை வைத்தபோதுதான் வெடித்தது. திட்டத்தின் செலவு சுமார் 40,000 கோடி டாலர் என்று நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் மதிப்பிட்டது.

வழக்குப் போட வேண்டுமானால் யாருக்காவது நஷ்டம் இருக்க வேண்டும். அடுத்தவன் கடன் தள்ளுபடி ஆவதில் எனக்கு என்ன நஷ்டம்? இங்கே ஆறு மாநிலங்கள் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தன. மிசௌரி மாநிலத்தில் மோஹெலா என்று ஒரு அமைப்பு. மாநில அரசு உருவாக்கியது. மத்திய அரசின் கல்விக் கடன்களுக்குக் கணக்கு எழுதித் தவணை வசூலிப்பது அதன் வேலை. கணக்குக்கு இவ்வளவு என்று கட்டணம் வரும். கடன்கள் அடைந்துபோனால் ஆண்டுக்கு சுமார் 4.4 கோடி டாலர் கட்டணம் போய்விடும். அமைப்பின் நஷ்டம் மாநிலத்தின் நஷ்டம் என்று மிசௌரி வாதாடியது. வேடிக்கை என்னவென்றால் மோஹெலா வழக்குப் போடவே இல்லை. கடன் வாங்கிய கோடிக்கணக்கானவர்களின் கதி, வழக்குக்கே வராத ஒரு வசூல் நிறுவனத்தின் கட்டண வருமானத்தைப் பிடித்துத் தொங்கியது. நீதிபதி எலெனா கேகன் தன் மாறுபட்ட தீர்ப்பில் முதலில் கடிந்துகொண்டது இதைத்தான்.

தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, 'மாற்றியமைக்கலாம்' என்றால் சிறு திருத்தம் என்றுதான் அர்த்தம் என்றது. பிரெஞ்சுப் புரட்சி பிரபுக்களின் அந்தஸ்தை 'மாற்றியமைத்தது' என்று சொல்வது எந்த அர்த்தத்திலோ, அந்த அர்த்தத்தில்தான் இது மாற்றியமைப்பு என்று பழைய தீர்ப்பு ஒன்றிலிருந்து கிண்டலும் செய்தது. பிறகு பெருங்கேள்வி. இவ்வளவு பெரிய பொருளாதார, அரசியல் முக்கியத்துவம் உள்ள விஷயத்தில் காங்கிரஸ் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டாமா? ஓ'கானரின் அதே சிகரெட் வாதம். கூடவே, கடனைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் அதிபருக்கு இல்லை, தள்ளிப்போடத்தான் முடியும் என்று பைடன் கட்சியின் அவைத் தலைவர் நான்சி பெலோசி 2021-இல் சொன்னதையும் ராபர்ட்ஸ் எடுத்துப் போட்டார்.

இந்தக் கோட்பாட்டை விளக்க நீதிபதி ஏமி கோனி பேரெட் தன் தனிக் குறிப்பில் ஒரு உதாரணம் சொல்கிறார். வார இறுதிக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்திவிட்டு, கிளம்பும்போது அம்மா கிரெடிட் கார்டைக் கொடுத்து 'பிள்ளைகள் ஜாலியாக இருக்கட்டும்' என்கிறார். அந்தப் பெண் பிள்ளைகளை வெளியூர்ப் பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் கூட்டிப்போய், ஓட்டலில் தங்கி, இரண்டு நாள் ராட்டினம் சுற்றிவிட்டு வருகிறார். சொன்ன வார்த்தைப்படி குற்றமில்லை. ஆனால் அம்மா மனதில் வைத்துச் சொன்னது ஐஸ்கிரீமோ சினிமாவோதான். எனக்கு இந்த உதாரணம் பிடிக்கும். ஆனால் முழுதாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஹீரோஸ் சட்டத்தில் 'தேசிய நெருக்கடி' என்ற வார்த்தையை எழுதியதே காங்கிரஸ்தான். நெருக்கடிக்கென்று கொடுத்த கார்டை நெருக்கடியில் பயன்படுத்தியதற்குக் கோபப்படுகிறார்கள் என்று கேகன் தரப்பில் நின்றும் பேசலாம். காங்கிரஸ் கொடுத்த அதிகாரம் அதிகம் என்று முடிவெடுக்கும் உரிமையை நீதிமன்றமே எடுத்துக்கொள்கிறது என்பதுதான் கேகனின் குற்றச்சாட்டு.

தோற்றவர்கள் சட்டம் கொண்டுவந்த கதை

சிகரெட் வழக்கில் தோற்ற பிறகு என்ன ஆனது என்பது கல்விக் கடன்காரர்கள் கவனிக்க வேண்டியது. எஃப்டிஏ வெளியே போனது. வேலை காங்கிரஸுக்கு வந்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2009 ஜூன் 22 அன்று, பதின்பருவத்திலேயே புகைக்கப் பழகியவரான பராக் ஒபாமா புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பெரிய கம்பெனிகளில் மார்ல்பரோ சிகரெட்டின் பிலிப் மோரிஸ் மட்டும் இந்தச் சட்டத்தை ஆதரித்தது. விளம்பரம் குறைந்தால், புதுச் சரக்கு வருவது கடினமானால், ஏற்கெனவே முதலிடத்தில் இருப்பவனுக்குத்தானே லாபம்? போட்டியாளர்கள் 'மார்ல்பரோ ஏகபோகச் சட்டம்' என்று கேலி செய்தார்கள்.

சட்டம் எஃப்டிஏ-வுக்குப் பச்சையாக அதிகாரம் கொடுத்தது. கூடவே வேலியும் போட்டது: சிகரெட்டை முழுதாகத் தடை செய்யக் கூடாது, நிகோட்டினைப் பூஜ்யமாக்கச் சொல்லக் கூடாது. புதிய புகையிலைப் பொருள் சந்தைக்கு வர முன்அனுமதி வேண்டும். இந்த வேலைக்கான செலவையும் கம்பெனிகளே கட்டணமாகக் கட்ட வேண்டும்.

எழுத்தில் இருக்கும் அதிகாரத்துக்கு என்ன மதிப்பு என்பது 2025 ஏப்ரலில் தெரிந்தது. பழ, இனிப்புச் சுவை வேப் (மின்சிகரெட்) திரவங்களுக்கு எஃப்டிஏ அனுமதி மறுத்ததை எதிர்த்து வந்த வழக்கில், துறைகளின் அதிகாரத்தை வெட்டுவதில் முனைப்பாக இருக்கும் அதே உச்ச நீதிமன்றம், ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, எஃப்டிஏ பக்கம் நின்றது.

மெந்தால்: ஒன்றும் செய்யாமல் இருப்பதும் கொள்கைதான்

ஆனால் அதிகாரம் கையில் இருந்தால் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. 2009 சட்டம் சிகரெட்டில் பழம், மிட்டாய், கிராம்பு என்று எல்லாச் சுவைகளையும் தடை செய்தது, மெந்தாலைத் தவிர. மெந்தாலின் குளிர்ச்சி தொண்டை எரிச்சலை மறைக்கும். முதல் இழுப்பிலேயே இருமி விட்டுவிட வேண்டியவனை இரண்டாவது இழுப்புக்குக் கொண்டுபோவது அதுதான். புகைக்கும் கறுப்பின அமெரிக்கர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பிடிப்பது மெந்தால் சிகரெட். பல பத்தாண்டுகள் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்த பலன் அது.

கிராம்பு சிகரெட்டை ஏற்றுமதி செய்யும் இந்தோனேசியா சும்மா இருக்கவில்லை. எங்கள் கிராம்புக்குத் தடை, உங்கள் மெந்தாலுக்கு அனுமதியா என்று உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு 2012-இல் ஜெயித்தது. அமெரிக்கா மெந்தாலைத் தொடவில்லை.

2011-லேயே எஃப்டிஏ-வின் அறிவியல் ஆலோசனைக் குழு மெந்தாலை நீக்கினால் பொதுச் சுகாதாரத்துக்கு நல்லது என்று எழுதிக் கொடுத்தது. தடைக்கான வரைவு விதி வந்தது 2022 ஏப்ரலில். பதினோரு ஆண்டு. கருத்துக் கேட்பு முடிந்து, 2023 அக்டோபரில் இறுதி விதி வெள்ளை மாளிகைச் சரிபார்ப்புக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கேயே உட்கார்ந்தது. தேர்தல் ஆண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. கறுப்பினத் தலைவர்களே இரண்டு பட்டார்கள். நம் பிள்ளைகள் சாகிறார்கள், உடனே தடை வேண்டும் என்றது ஒரு பக்கம். தடை வந்தால் கள்ளச் சந்தை வரும், போலீஸ் நம் பையன்களைத்தான் மடக்கும் என்றது இன்னொரு பக்கம். 2014-இல் நியூயார்க்கில் சில்லறை சிகரெட் விற்றதாகப் போலீசார் பிடித்தபோது எரிக் கார்னர் என்ற கறுப்பினத்தவர் உயிரிழந்ததை யாரும் மறக்கவில்லை. 2024 ஏப்ரலில் இன்னும் அவகாசம் வேண்டும் என்று அரசு அறிவித்தது. 2025 ஜனவரியில் டிரம்ப் பதவியேற்ற மறுநாள் வரைவு திரும்பப் பெறப்பட்டது. தடையை ரத்து செய்ய யாரும் தனியாக மெனக்கெட வேண்டியிருக்கவில்லை, அது முடிக்கப்படாமலே கிடந்ததால். கலிபோர்னியா, மசாசூசெட்ஸ் போன்ற மாநிலங்கள் மட்டும் தங்கள் எல்லைக்குள் தாங்களே தடை போட்டுக்கொண்டன.

பெட்டி மேல் படம் போடும் கதை இதைவிட மோசம். 2009 சட்டம் இரண்டு ஆண்டுக்குள் படத்தோடு கூடிய எச்சரிக்கை வர வேண்டும் என்று கட்டளையே இட்டது. 2011-இல் ஒன்பது படங்கள் தயாராயின. பேச்சுரிமைக்கு விரோதம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012-இல் தள்ளியது. 2020-இல் பதினொரு புதுப் படங்கள், திரும்பவும் வழக்கு. இந்தியப் பெட்டிகளில் 2016 முதல் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கை இருப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அமெரிக்கப் பெட்டி ஏதோ வாசனைத் திரவிய டப்பா போல இருக்கும்.

இதற்கு நேர்மாறாக, சிகரெட் வாங்கும் வயதை 18-லிருந்து 21-ஆக உயர்த்தியது எப்படித் தெரியுமா? 2019 டிசம்பரில் ஒரு செலவின மசோதாவுக்குள் அதைச் செருகினார்கள். டிரம்ப் கையெழுத்துப் போட்டார். முடிந்தது.

120 தவணை

பைடனின் பெரிய தள்ளுபடிதான் விழுந்தது. கடன் தள்ளுபடியே நடக்கவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். அவருடைய ஆட்சி முடிவதற்குள் 50 லட்சம் பேருக்கு மேல், மொத்தம் 18,000 கோடி டாலருக்கு மேல் தள்ளுபடி ஆனது. எல்லாம் ஏற்கெனவே சட்டத்தில் இருந்த வழிகளில்: நிரந்தர ஊனமுற்றவர்கள், மோசடிக் கல்லூரிகளிடம் ஏமாந்தவர்கள், பொதுச் சேவையில் இருப்பவர்கள் போன்றோருக்கு.

பொதுச் சேவைத் தள்ளுபடியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். 2007-இல் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டம். ஆசிரியர், செவிலியர், தீயணைப்பு வீரர், தொண்டு நிறுவன ஊழியர் என்று அரசு அல்லது லாப நோக்கற்ற வேலையில் இருந்துகொண்டு 120 தவணை கட்டினால், மிச்சக் கடன் தள்ளுபடி. பத்து ஆண்டுக் கணக்கு. எனவே 2017-இல்தான் முதல் ஆட்கள் தகுதி பெற்றார்கள். அடுத்த ஆண்டு பாதிக்குள் விண்ணப்பித்தவர்கள் சுமார் 28,000 பேர். தள்ளுபடி கிடைத்தது 96 பேருக்கு.

சட்டம் தெளிவாகத்தான் இருந்தது. வெட்டியது படிவத்தின் அடிக்குறிப்புகள். கடன் மத்திய அரசின் 'நேரடிக் கடன்' வகையாக இருக்க வேண்டும். வங்கி கொடுத்து அரசு உத்தரவாதம் தந்த பழைய வகை என்றால் செல்லாது. சரியான தவணைத் திட்டத்தில் இருக்க வேண்டும். முழுத்தொகையைக் கெடு தேதியிலிருந்து 15 நாளுக்குள் கட்டியிருக்க வேண்டும். ஏழெட்டு வருடம் ஒழுங்காகக் கட்டிய ஆசிரியர்களுக்கு, 'உங்கள் கடன் வகை தவறு, இதுவரை கட்டியதில் ஒன்றுகூடக் கணக்கில் சேராது' என்று பதில் வந்தது. தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று வசூல் நிறுவனத்தில் சொன்னவர்கள்தான் இதையும் சொன்னார்கள். 2021 அக்டோபரில் கல்வித் துறை ஓராண்டுக்கு இந்த நிபந்தனைகளைத் தளர்த்தியது, பழைய தவணைகளைத் திரும்ப எண்ணியது. பிறகு இந்த ஒரு வழியிலேயே பத்து லட்சம் பேருக்கு மேல் கடன் முடிந்தது. தளர்த்துவதற்குக் கைகொடுத்த சட்டம் எது தெரியுமா? அதே ஹீரோஸ் சட்டம். சின்னக் கேள்வியாக இருந்ததால் யாரும் வந்து தடுக்கவில்லை.

சேவ் என்ற இன்னொரு திட்டமும் இருந்தது. வருமானத்துக்குத் தக்க மாதத் தவணை, சம்பளம் குறைவு என்றால் பூஜ்யம்கூட. இது விதி வழியாக முறைப்படி வந்தது. 80 லட்சம் பேர் சேர்ந்தார்கள். மிசௌரி திரும்பவும் வந்தது. சட்டம் 'வருமானத்துக்கு ஏற்பத் திருப்பிச் செலுத்துதல்' என்கிறது, நீங்கள் செலுத்தாமலே முடிக்கப் பார்க்கிறீர்கள் என்று வாதாடி 2024 கோடையில் நீதிமன்றத் தடை வாங்கியது. சேர்ந்தவர்கள் தவணையும் கட்ட முடியாமல், கட்டாத மாதங்கள் தள்ளுபடிக் கணக்கில் சேராமலும் தொங்கினார்கள்.

ஊழியர் குறைப்பும் இந்த மூன்றாம் வகைச் சரக்கில்தான் சேரும். 2025 மார்ச்சில் கல்வித் துறையின் ஊழியர் எண்ணிக்கையைக் கிட்டத்தட்டப் பாதியாக்குவதாக அறிவித்தார்கள். ஏப்ரலில் எஃப்டிஏ புகையிலை மையத்தின் தலைவர் பிரையன் கிங் அகற்றப்பட்டார். இரண்டு இடத்திலும் ஒரு சட்ட வரிகூட மாறவில்லை. ஆனால் தள்ளுபடி விண்ணப்பத்தைப் பிரித்துப் பார்க்கவும், அனுமதியில்லாத வேப்பைக் கடையில் பிடிக்கவும் ஆள் வேண்டுமே.

கல்விக் கடனில் இப்போது காங்கிரஸே பேசிவிட்டது, கடன்காரர்கள் எதிர்பார்த்த திசையில் அல்ல. 2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் சேவ் திட்டத்தை முடிவுக்குக் கொண்டுவருகிறது. 2026 ஜூலை முதல் அதற்குப் பதில் புதுத் திட்டம்: வருமானத்தில் 1 முதல் 10 சதவீதம், மாதம் குறைந்தது 10 டாலர், மிச்சம் தள்ளுபடி ஆக 30 ஆண்டு. முதுநிலைப் படிப்புக் கடனுக்கு மொத்த உச்சவரம்பு 1,00,000 டாலர். 'தொழில்முறைப் பட்டம்' என்றால் 2,00,000.

எது தொழில்முறைப் பட்டம்? அதை விதியில் எழுதுவது கல்வித் துறையின் வேலை. 2025 நவம்பரில் துறை முன்வைத்த வரையறையில் மருத்துவம், சட்டம், பல் மருத்துவம் எல்லாம் இருந்தன. செவிலியர் முதுநிலைப் படிப்பு இல்லை. செவிலியர் சங்கங்கள் உடனே எதிர்ப்புக் கடிதங்களோடு கிளம்பிவிட்டன.